ஏந்திரிங்க

சிறைக் குடியிருப்பு
4.8.1999

அன்புள்ள குழலிக்கு,

நலம். உன் நலத்தை அம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். காஞ்சிபுரம் போயிருந்தபோது, "உன் தங்கச்சி நல்லாத்தான் இருக்கா, நீங்க ரெண்டு பேரும் பேசிக்காம என் உசுர வாங்காதீங்க" என்றாள். போன வருஷம் அவள் வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, "பொறுக்கிகளுக்கு டியூஷன் எடுக்கவா உன்னை இவ்வளவு படிக்க வச்சாங்க" என்று கேட்டுவிட்டுப் போனவள் நீ. ரசம் அப்படியே இலையில் இருந்தது. நானும் அன்றைக்கு ஏதோ சொன்னேன். அதை விடு.

இப்போது ஒரு காரியமாக எழுதுகிறேன். டியூஷன் ஒழுங்காக நடக்கிறது. பெண்களிடம் குற்றம் செய்து தண்டனை அனுபவிக்கிற பன்னிரண்டு பேர். வாரத்தில் இரண்டு நாள் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறோம். ஆரம்பத்தில் ஒருவன்கூட "நான் செய்தேன்" என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் "நடந்துபோச்சு சார்"தான். மழை பெய்தது, மாடு செத்தது, அது நடந்துபோச்சு. எழுவாயே இல்லாமல் தமிழில் ஒருத்தன் ஆயுசு முழுக்கப் பேசிவிடலாம் என்று இங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன். மாதக்கணக்கில் மல்லுக்கட்டி அந்த ஒரு "நான்" என்ற சொல்லை வரவழைத்திருக்கிறேன். இவர்கள் எல்லோரும் ஒருநாள் வெளியே வரத்தான் போகிறார்கள். அன்றைக்கு எப்படிப்பட்ட ஆளாக வரவேண்டும் என்பதுதான் என் ஆராய்ச்சி. நீ அதைப் பொறுக்கிகளுக்கு வக்காலத்து என்கிறாய்.

அதில் முதலில் "நான்" சொன்ன ஆள் உனக்குத் தெரிந்தவர். சாலவாக்கத்துப் பக்கம் அரிசி மில்லில் மேஸ்திரியாக இருந்த வேதாசலம். உன் பெண்கள் உதவி மையத்துக்கு வருகிற சரசுவின் வழக்கில் தண்டனை பெற்றவர். முன்விடுதலைக் குழுவில் அவர் பெயர் வந்திருக்கிறது, என் அறிக்கையைக் கேட்டிருக்கிறார்கள். சரசுவை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறார். செப்டம்பரில் மகள் கல்யாணத்துக்குப் பரோலில் வருகிறார். உன் ஆபீசில் வைத்துக்கொள்ளலாம். மூன்று நான்கு நாற்காலி, அரை மணி நேரம். வெளிநாடுகளில் இப்படிச் செய்து பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மனபாரம் குறைந்ததாக ஆய்வுகள் இருக்கின்றன. அவளுக்கு விருப்பம் இருந்தால் மட்டும். கேட்டுப் பார்.

ஜெகநாதன்


உத்திரமேரூர்
19.8.1999

அண்ணாவுக்கு,

கடிதம் வந்தது. மேஜை டிராயரில் போட்டு மூடி வைத்திருந்தேன். நேற்றுதான் சரசுவிடம் கேட்டேன்.

அவளை உனக்கு ஒரு கேஸ் எண்ணாகத்தான் தெரியும் என்பதால் சொல்கிறேன். ஏரிக்கரை ஓரம் இருளர் குடியிருப்பில் இருக்கிறாள். அந்த மில்லில் நெல் காயவைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். போலீஸ், கோர்ட்டு என்று அலைந்த காலமெல்லாம் நான் கூடப் போனேன். குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்டதை எல்லாம் நின்றுகொண்டே கேட்டாள். தண்டனை என்று தீர்ப்பு வந்த அன்றைக்கு என்னிடம் கேட்டது ஒன்றுதான், "சாயங்கால பஸ்ஸு போயிருக்குமாக்கா?" பிறகு மாசியைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதன், எல்லாம் தெரிந்துதான் கட்டினான்.

நான் விஷயத்தைச் சொன்னதும், "நீ சொன்னா வரேங்கா" என்றாள். நீ சொன்னால் வருகிறேன் என்பதை உங்கள் ஆராய்ச்சியில் சம்மதம் என்று எழுதுவீர்களா? மறுபடி கேட்டேன், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று மூன்று விதமாகச் சொன்னேன். "இன்னா சொல்லுவாரோ கேட்டுட்டு வந்துர்றேன்" என்றாள். அவர் வாயிலிருந்து அதைக் கேட்க வேண்டும் என்று அவளுக்கும் ஒரு ஆசை இருக்கிறது போலும். அதனால்தான் ஒப்புக்கொள்கிறேன்.

அவருடைய ஆட்கள் யாரும் வரக்கூடாது. அவர் பேசலாம், பக்கத்தில் போகக்கூடாது. அவள் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், பதில் ஏதும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இதை அவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டு எனக்கு எழுது.

மையத்துக் கூடத்தில் இருக்கிற போனில் இதெல்லாம் பேச முடியாது. சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

குழலி


சிறைக் குடியிருப்பு
27.9.1999

என் தங்கை குழலிக்கு,

நான்கு முறை போன் செய்துவிட்டேன். நீ வெளியே போயிருப்பதாகவே சொல்கிறார்கள். உத்திரமேரூரில் அவ்வளவு வெளி எங்கே இருக்கிறது?

அன்றைக்கு உன் ஆபீசில் சந்திப்பு முடிந்ததும் நீ ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டாய். எனக்கோ யாரிடமாவது பேசாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. காவலுக்கு வந்த போலீஸ்காரரிடம் பேசினேன், அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மில்லுக்காரர்கள் வாசலில் வந்து நின்றது என் ஏற்பாடு இல்லை. கல்யாண வீட்டிலிருந்து பின்னாலேயே வந்துவிட்டார்கள், துரத்த முடியவில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னபோது சரசு புருஷனோடு சுவரோரமாகவே நின்றாள். அவர் பேச ஆரம்பித்தார், "நான்தான் பண்ணேன், நான் பண்ணது தப்பு" என்றார். என் குழுவில் பழகியது போல ஒரு சொல் பிசகாமல். அதற்கு மேல் நான் திட்டமிட்டது ஒன்றும் இல்லை. அவர் சட்டென்று குப்புற விழுந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டார். மில்லையே ஆட்டிவைத்த மேஸ்திரி, இருளர் வீட்டுப் பெண்ணின் காலில். வாசலில் நின்றவர்கள் மூச்சுவிடவில்லை. அவள் குனிந்து, "ஏந்திரிங்க, ஏந்திரிங்க" என்றாள். எட்டு வருஷத்துக் கோபத்தை அந்தப் பெண் ஒரு நொடியில் விட்டுவிட்டாள். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு காட்சி இல்லை.

அறிக்கை எழுதி அனுப்பிவிட்டேன். "குற்றவாளி முழு மனதோடு மன்னிப்புக் கேட்டார், பாதிக்கப்பட்டவர் மன்னித்தார்." சூப்பிரண்டு படித்துவிட்டுக் கைகொடுத்தார். அடுத்த வருஷம் இன்னும் இரண்டு சிறைகளில் ஆரம்பிக்கலாம் என்று பேச்சு இருக்கிறது. சரசுவுக்கு என் நன்றியைச் சொல். உனக்கும்.

அண்ணன்
ஜெகா


உத்திரமேரூர்
10.11.1999

அண்ணாவுக்கு,

தீபாவளிக்கு நான் காஞ்சிபுரம் வரவில்லை என்று அம்மா வருத்தப்பட்டதாக எழுதியிருந்தாள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. காலையில் எழுகிறேன், ஆபீஸ் போகிறேன், வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். எதுவும் உள்ளே போவதில்லை. உன் மேல் கோபம்கூட வரவில்லை. வந்தால் தேவலை என்று இருக்கிறது.

அன்றைக்குப் பிறகு சரசு மையத்துக்கு வரவில்லை. நானே தேடிக்கொண்டு போனேன். வாசலில் உட்கார்ந்து சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். "வாக்கா" என்றாள். மாசிதான் பேசினான். மில்லிலிருந்து ஆள் வந்து, எல்லாம் முடிஞ்சி போச்சே, வேலைக்கு வரச் சொல் என்று கூப்பிட்டார்களாம். தீபாவளிக்கு வேதாசலத்தின் சம்சாரம் ஒரு புடவையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். திருப்பி அனுப்ப இவர்களுக்குத் தைரியம் இல்லை. பழத்தை மாட்டுக்குப் போட்டுவிட்டார்கள். புடவை கவரைப் பிரிக்காமல் கூரைச் சந்தில் செருகியிருக்கிறது.

நடவு வேலையில் கூட இருக்கிற பெண்கள், ஊர்ப் பெண்கள், டீக்கடை ஆட்கள் எல்லோரும் ஒரே பேச்சு. அவ்வளவு பெரிய மனுஷன் காலில் விழுந்துவிட்டார், இதற்கு மேல் இவளுக்கு என்ன வேண்டும் என்கிறார்கள். நான் கிளம்பும்போது பாதி தூரம் கூட வந்தாள். ஏரிக்கரை மேட்டில் நின்று ஒரே ஒரு விஷயம் சொன்னாள். அதை அப்படியே எழுதுகிறேன்.

"மில்லு வண்டி போச்சின்னா நான் இந்தாண்ட திரும்பிக்குவேங்கா. இத்தினி வருசமா அப்பிடித்தான். யாரும் ஒண்ணியும் கேக்க மாட்டாங்கோ. இப்ப திரும்புனா, இன்னாத்துக்குத் திரும்பறே, அதான் முடிஞ்சிச்சேன்றாங்கோ."

அவளிடம் அந்த ஒன்றுதான் இருந்தது அண்ணா. அதையும் நாம் அவளிடமிருந்து பிடுங்கிக் கொடுத்துவிட்டோம். உன் புத்தகத்தில் நாற்காலி இருக்கிறது, காலில் விழுகிற வழக்கம் இல்லை. இங்கே விழுந்துவிட்டால் வழக்கு முடிந்தது என்று உனக்குமா தெரியாது? நம் தெருவில் எத்தனை சண்டை அப்படி முடிந்திருக்கிறது.

குழலி


சிறைக் குடியிருப்பு
18.11.1999

குழலி,

நாம் பிடுங்கிக் கொடுத்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறாய். "நாம்" போட்டதற்கு நன்றி. நீயும் அந்த அறையில்தான் நின்றாய். அவர் விழுந்தபோது நீ ஏன் குறுக்கே போகவில்லை?

ஊர் வாய் எப்போதும் அப்படித்தான். விழாமல் இருந்திருந்தால் திமிர் பிடித்தவன் என்றிருக்கும். அதற்காக ஒரு மனிதன் திருந்தியதைப் பொய் என்று சொல்ல முடியுமா? நான் இவரோடு ஒன்றரை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். அவர் அழுததைப் பார்த்திருக்கிறேன். சரசு சொன்னதையும் என் காதால் கேட்டேன். அவள் முகத்தில் வெறுப்பு இல்லை, பதற்றம்தான் இருந்தது. கருணைக்கு முன்னால் வருகிற பதற்றம் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

நீ அவள் சார்பாகப் பேசுகிறாய், ஊர் அவள் சார்பாகப் பேசுகிறது, நானும் அப்படியே. அவளையே கேள். மன்னித்தாயா இல்லையா என்று நேராகக் கேட்டு எழுது. இல்லை என்றால் அப்போது யோசிப்போம். குழு டிசம்பர் கடைசியில் கூடுகிறது.

இங்கே இரண்டு நாளாக விடாத மழை. குழுவில் ஒருவனுக்குக் காய்ச்சல், ஆனாலும் வந்து உட்காருகிறான். வராமல் இருந்தால் "நடந்துபோச்சு" என்று மறுபடி ஆரம்பித்துவிடுவேன் சார் என்கிறான். இவனுக்காகவும் கொஞ்சம் யோசி.

ஜெகநாதன்


உத்திரமேரூர்
2.12.1999

அண்ணாவுக்கு,

கேட்டேன். நீ எழுதியபடியே, நேராக.

முதலில் அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. மன்னிப்பா, யார் கொடுத்தது என்றாள். நீ அறிக்கையில் எழுதியதைச் சொன்னேன். நீதான் மன்னித்ததாகச் சர்க்காருக்குப் போயிருக்கிறது என்றேன். கையில் இருந்த கதிர் அரிவாளைக் கீழே வைத்தாள்.

"நான் ஏந்திரிங்கன்னுதாங்கா சொன்னேன். எங்க வூட்டுக்காரு நின்னுக்கினு கீறாரு. வாசல்ல மில்லு ஆளுங்கோ நின்னுக்கினு கீறாங்கோ. அவுரு என் கால்ல கீறாரு. நாளைக்கி அவுங்க ரோட்டுலதான் நாங்க நடக்கோணும். ஏந்திரிங்கன்னு சொல்லாத வேற இன்னா சொல்லுவேன்?"

பிறகு, "கால உருவிக்கப் பாத்தேன். புடிச்சிக்கினாரு" என்றாள். அந்தக் கையை மறுபடி தன் மேல் பட விட்டுவிட்டேன் என்று சொன்னாள். அதை அழாமல்தான் சொன்னாள். அன்றிலிருந்து முட்டிக்குக் கீழே மரத்துப்போன மாதிரி இருக்கிறதாம், சேற்றில் இறங்கினால் குளிர்கூடத் தெரியவில்லையாம். அரசு ஆஸ்பத்திரியில் காட்டி மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஏன் குறுக்கே போகவில்லை என்று கேட்டிருந்தாய். யாராவது காலில் விழுந்தால் நம் கை தானாகக் குவிந்துவிடுகிறது அண்ணா. நான் கை குவித்துக்கொண்டு நின்றேன்.

நீ கருணை என்று குறித்து வைத்தது பயம். அந்த வரியை எடு.

குழலி


சிறைக் குடியிருப்பு
29.12.1999

குழலிக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. உன் மேல் எரிச்சலாக இருந்தது, அதுதான் உண்மை. பிறகு வேதாசலத்தைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். சரசு மன்னிக்கவில்லையாம், எழுந்திருங்கள் என்று மட்டும்தான் சொன்னாளாம் என்றேன். உடைந்துபோவார் என்று நினைத்தேன். தண்ணீர் டம்ளர்கூட எடுத்து வைத்திருந்தேன்.

அவர் நிதானமாகச் சொன்னார். "அது எனுக்குத் தெரியும் சார். வியுந்தா ஏந்திரின்னு சொல்லித்தானே ஆவணும். அதுக்கோசரந்தான் வியுந்தேன்."

எடுத்து வைத்திருந்த தண்ணீரை நானே குடித்தேன். அவர் என்னைத் தேற்றுகிற மாதிரி, "நானாத்தான் வியுந்தேன் சார், நானே முடிவு பண்ணி வியுந்தேன்" என்றார். "நான்" என்று சொல்லச் சொல்லிக் கொடுத்தவன் நான்தானே. பாடம் நன்றாகத்தான் ஏறியிருக்கிறது.

அவர் அழுததெல்லாம் பொய்யா என்று நீ கேட்கலாம். தெரியவில்லை. அழுதது நிஜமாகவும் இருக்கலாம், இதுவும் நிஜமாக இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க என்னிடம் ஒரு வழியும் இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். சூப்பிரண்டு முகம் மாறிவிட்டது. குழு கூடி முடித்துவிட்டது, உத்தரவில் கையெழுத்தாகிவிட்டது என்றார். பொங்கலுக்கு முன்னால் விடுதலை. என் கடிதத்தை ஃபைலில் சேர்த்துவிட்டார்கள், அவ்வளவே. அறிக்கை எழுதியவரே அதை நம்பாதபோது இந்த வகுப்பு எதற்கு என்று மேலே யாரோ கேட்டிருக்கிறார்கள். ஜனவரியிலிருந்து வகுப்பு இல்லை. மீதிப் பதினோரு பேருக்கும் நேற்றுச் சொன்னேன். காய்ச்சலோடு வந்தவன் என்று எழுதினேனே, அவன் "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை மடித்துக்கொண்டு போனான். இவர்கள் எல்லோரும் வெளியே வருவார்கள், யாரும் இவர்களிடம் இனி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அதற்காக உன்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் மனசு ஆறவும் இல்லை.

சரசுவிடம் அவர் வருகிறார் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. வேண்டுமானால் கொஞ்ச நாள் காஞ்சிபுரத்தில் அம்மாவோடு வந்து இருக்கட்டும்.

ஜெகா


உத்திரமேரூர்
24.1.2000

அன்புள்ள அண்ணாவுக்கு,

சரசுவிடம் சொன்னேன், அம்மா வீட்டையும் சொன்னேன். "நான் இன்னாத்துக்குப் போவணும்?" என்று கேட்டாள். உள்ளூர் ஸ்டேஷனில் ஒரு மனு கொடுத்துவைத்தேன், வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாசி அவளை எங்கேயும் தனியாக அனுப்பாமல் பார்த்துக்கொண்டான்.

வேதாசலம் போகிக்கு இரண்டு நாள் முன்னால் வந்துவிட்டார். மாலை போட்டு அழைத்துப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். நேற்று மதியம் சரசு மையத்துக்கு வந்தாள், செப்டம்பருக்குப் பிறகு முதல் தடவை. தனியாக வந்திருந்தாள். மாசி காலையிலேயே வேலைக்குப் போய்விட்டானாம், மாத்திரை தீர்ந்துவிட்டதால் இவளே கிளம்பியிருக்கிறாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள்.

சாலவாக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாள். பஸ்ஸும் வந்து நின்றுவிட்டது. டீக்கடையிலிருந்து வேதாசலம் இறங்கி வந்திருக்கிறார், கூடவே நாலைந்து பேர். இவள் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூட வந்தவர்களில் ஒருவன், "இன்னும் இன்னாம்மா திருப்பம்?" என்றானாம். அவர் அவனைக் கையமர்த்திவிட்டு, நேராக வந்து, ரோட்டிலேயே, எல்லோரும் பார்க்க மறுபடி விழுந்துவிட்டார். இந்தத் தடவை காலைப் பிடிக்கவில்லை. கையை முன்னால் நீட்டிக் கிடந்தார்.

சரசு ஒன்றும் சொல்லவில்லை.

டீக்கடைக்காரர் எழுந்து நின்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். சொல்லும்மா, பெரிய மனுஷன் மண்ணுல கிடக்கிறாரே என்று ஒரு அம்மா உள்ளேயிருந்து சொன்னாளாம். அவர் தலையைத் தூக்காமல் காத்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் விசில் ஊதவில்லை, அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல் வாய்வரைக்கும் வந்துவிட்டது அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டேன் என்றாள் சரசு. பிறகு அவரைச் சுற்றிக்கொண்டு நடந்து பஸ்ஸில் ஏறிவிட்டாள். சீட்டில் உட்கார்ந்து உத்திரமேரூருக்கு ஒரு டிக்கெட் கேட்டிருக்கிறாள்.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு என்னைக் கேட்டாள், "ஏந்திருப்பாராக்கா? இன்னும் அங்கியே கிடப்பாரா?" கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. யாரும் எழுந்திரு என்று சொல்லாவிட்டால் விழுந்தவர் என்ன செய்வார் என்று நாங்கள் இருவருமே இதுவரை பார்த்தது இல்லை. எனக்குத் திடீரென்று அழுகை வந்துவிட்டது அண்ணா. இத்தனை மாதம் வராதது. அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

இனிமேல் ஊரில் இவர்களை நிம்மதியாக இருக்க விடுவார்களா என்று தெரியாது. மாலை வேலை விட்டதும் மாசி சைக்கிளில் வந்து அழைத்துப் போனான். நாளை மறுநாள் நான் அங்கே போய்த் தங்கலாம் என்று இருக்கிறேன்.

உனக்கு எழுதட்டுமா என்று அவளைக் கேட்டேன். "எயுதுக்கா. மன்னிச்சிட்டான்னு எயுதிக்கீறாரே உங்க அண்ணன், அத்த அடிச்சிட்டு, அவ ஒண்ணியும் சொல்லலன்னு எயுதச் சொல்லு" என்றாள். ஃபைல் மூடியிருந்தாலும் எழுது அண்ணா.

குழலி